கடல் பார்த்த தலை

செம்பவாங் கப்பல் பட்டறை. தண்ணீர் இறைத்துவிட்ட உலர்துறை.
கப்பலின் வயிற்றுக்குக் கீழே
நானும் கெத்தினும் சோற்றுப் பொட்டலம் பிரிக்கிறோம்.
விடியற்காலை மூன்று மணி.
அவன் வேல்ஸ்காரன். ஆங்கிலேயன் என்று சொல்லிவிட்டால்
கரண்டியைக் கீழே வைத்துவிடுவான்.
"அவர்கள் வருமுன்னே அந்தத் தீவு எங்களுடையது" என்பான்,
நேற்றுத்தான் பத்திரம் தொலைந்ததுபோல.

இன்றைக்கு, காக்கையின் பெயர்கொண்ட அரசன்.
எந்த வீட்டுக்குள்ளும் அடங்காத உடம்பு.
தங்கையை அயர்லாந்தில் கட்டிக்கொடுத்தான்.
அவர்கள் அவளை அடுப்படியில் போட்டு அடித்தார்கள்.
அவள் ஒரு சின்னப் பறவைக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்துக்
கடல்மேல் அனுப்பினாள்.
"மைனாவா?"
"மைனாவுக்குப் பங்காளி."
அண்ணன் கப்பல் ஏறவில்லை, எந்தக் கப்பல் தாங்கும்?
கடலில் இறங்கி நடந்தான்.
ஆற்றங்கரையில் படை திகைத்து நிற்க,
பாலத்தை எதிரி உடைத்திருக்க,
தலைவன் எவனோ அவன் பாலமாகட்டும் என்று
குறுக்கே படுத்தான்.

மீன் தலையை உறிஞ்சிக்கொண்டே நான் நீரிணையைப் பார்த்தேன்.
அக்கரையில் ஜோகூர் வெளிச்சம்.
இந்நேரம் உட்லண்ட்ஸ் பாலத்தில் மோட்டார்சைக்கிள்கள்
மழைச்சட்டையோடு ஊர்ந்துகொண்டிருக்கும்.
பகல் ஷிப்டுக்கு வரும் இளஞ்சேரனும் அதில்தான்.
யார் முதுகின்மேல் வருகிறோம் என்று கேட்க
அவனுக்கு நேரமில்லை, ஆறரைக்குக் கார்டு அடிக்க வேண்டும்.

போரில் வென்றார்கள். மிஞ்சியவர்கள் ஏழு பேர்.
அரசன் காலில் விஷ ஈட்டி.
"வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள் என் தலையை" என்றான்.
போகும் வழியெல்லாம் அந்தத் தலை பேசியதாம்,
அழுகாமல், விருந்துகளில், சிரிப்பு மூட்டிக்கொண்டு,
எண்பது வருஷத்துக்கு மேல்.

"எங்களுக்கும் ஒருவன் உண்டு" என்றேன்.
"களபலி கொடுத்தபின்னும் கண் மூடாத பிள்ளை.
சவுத் பிரிட்ஜ் சாலைக் கோயிலில், மீசையோடு இருக்கிறான்."
"பேசுவானா?"
"பார்ப்பான். போர் முழுக்க."
கெத்தின் கொஞ்ச நேரம் மெல்லவில்லை.
"அது இன்னும் கஷ்டம்" என்றான்.

லண்டனில் ஒரு மேட்டில் தலையைப் புதைத்தார்கள், முகம் கடல் பார்த்து.
அது மண்ணுக்குள் உள்ளவரை அந்நியன் எவனும் கரை ஏறான்.
பின்னால் வந்த ஒரு பெரிய வீரன்
என் வாள் போதாதா இந்தத் தீவுக்கு என்று
தோண்டி எடுத்தான்.
அப்புறம் வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள்.
வந்தவர்களின் பேரன்மார் கப்பல் கட்டி இங்கேயும் வந்தார்கள்,
இந்தத் துறையை வெட்டினார்கள்,
தெருக்களுக்குத் தங்கள் ஊர்ப்பெயர் வைத்தார்கள்,
தெற்கே கடல் பார்த்துப் பீரங்கி நட்டார்கள்.
எதிரி வடக்கே இருந்து வந்தான்,
உடைத்த பாலத்தை ஒட்டுப்போட்டு, சைக்கிள் மிதித்து.

"தலையைத் தப்பான திசையில் புதைத்துவிட்டார்கள்."
இருமல் வரும்வரை சிரித்தான் கெத்தின்.

பிறகு, நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன் என்றான்.
விருந்து நடந்த மண்டபத்தில் மூன்று கதவு.
கார்ன்வால் பார்த்த கதவை மட்டும் திறக்கக் கூடாது.
ஒருவனுக்குப் பொறுக்கவில்லை, திறந்தான்.
அந்தக் கணமே இழந்தவர்கள் அத்தனை பேரும்
அன்றுதான் செத்ததுபோல் நினைவில் வந்து நின்றார்கள்.

சங்கு ஊதியது. தண்ணீர் விடும் வேளை.
வால்வுச் சக்கரம் என் பொறுப்பு.
பொட்டலத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.
நான்காம் டேங்குக்குள் மூச்சுமுட்டிப்போன வயிரவன்,
பதினொரு வருஷமாக நாங்கள் பேசாத வயிரவன்,
இரண்டு கையுறையும் கழற்றாமல்...

திருகினேன்.
நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு
முதலில் வந்தது கடல்.