முன்னூற்றைம்பது ஐரோ

மான் அடித்த கார், என்றார் டீட்மார்.
கார் மானை அடித்ததா, மான் காரையா
என்று கேட்குமளவு என் ஜெர்மன் நீளவில்லை.
முகம் உள்வாங்கி, ஒரு கண் போய்,
சீகன் மலைச்சரிவில்
அவருடைய விறகுக் கொட்டிலுக்குப் பின்னால்
இரண்டு பனிக்காலம் நின்றிருந்தது
தொண்ணூற்றேழாம் ஆண்டு ஓப்பல் கோர்சா.
மானுக்கு என்ன ஆனது?
எழுந்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது,
என்றார்,
கடன் திருப்பாத ஒருவரைச் சொல்வதுபோல்.

படம் அனுப்பினேன்.
உனக்கென்ன விசரோ, என்று அண்ணாவின் பதில்.
வீட்டு ஒப்பந்தம் அண்ணாவின் பெயரில்.
மின்சாரம் அத்தானின் பெயரில்.
கைபேசி எண்கூட அக்கா கழித்துவிட்டது.
முப்பத்து நான்கு வயதில்
முதன்முதலாக என் பெயருக்கு வந்து சேர்ந்தது
தொள்ளாயிரம் கிலோ துரு.
பத்திரத்தில் கமலநாதன், கால் புள்ளி, தாரணி
என்று அச்சாகியிருந்ததை
பஸ்ஸில் நாலு தரம் எடுத்துப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
கூட வேலை செய்யும் செனாடாவின்
வாடகைக் கராஜில் சனிக்கிழமைகள்.
ரேடியேட்டரின் செதில்களுக்குள்
ஈரத்தில் ஒட்டிக் காய்ந்த மான் மயிர்.
பழைய பல்துலக்கியால் கொஞ்சம் எடுத்தேன்.
பிறகு ரேடியேட்டரையே எடுத்தேன்.

பதின்மூன்றாம் இலக்க ஸ்பனர் சொன்னபடி கேட்கும்.
பத்தாம் இலக்கம் தினமும் தொலையும்,
யார் சாப்பிடுகிறார்களோ.
ஒரு போல்ட்டுக்கு எண்ணெய் விட்டேன்,
இரவு முழுக்க ஊறவிட்டேன்,
கெஞ்சினேன், பிறகு நல்ல தமிழில் ஏசினேன்.
இளகியது போலிருந்தது.
இளகவில்லை, முறிந்தது.
தலையில்லாத அதைத் துளைத்தெடுக்க
இரண்டு சனி பிடித்தது,
இரண்டு அர்த்தத்திலும்.

பிரேக்கிலிருந்து காற்றெடுக்க இருவர் வேண்டும்.
செனாடாவுக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு பொஸ்னிய மொழி தெரியாது,
இருவரின் ஜெர்மனுக்கும் அங்கங்கே ஓட்டை.
பெடலில் அவள், சில்லுக்குப் பக்கத்தில் நான்.
மிதி.
பிடி.
விடாதே.
தேநீர் நிறத்தில் பழைய எண்ணெய்,
அதில் ஒரு குமிழி, இன்னொரு குமிழி.
மிதி.
பிடி.
அவளுடைய விவாகரத்தைப் பற்றி
அன்றைக்குத்தான் சொன்னாள், காலை எடுக்காமலே.
குமிழி நின்ற பிறகும்
சும்மா இன்னும் இரண்டு தரம் மிதிக்கச் சொன்னேன்.

உடைத்தெடுக்கும் கடையில் கிடைத்த பானட் சிவப்பு.
மிச்சக் கார் சாம்பல் நீலம்.
பூசலாம், என்றாள்.
இருக்கட்டும், என்றேன்.

ட்யூஃப் பரிசோதகர்
கதவுக்குக் கீழே விரலால் அழுத்தினார்.
விரல் உள்ளே போனது.
மூவரும் கொஞ்ச நேரம் விரலைப் பார்த்தோம்.
அண்மையில் கார் வாங்கினீர்களா, என்றார்,
மரண வீட்டில் பேசும் குரலில்.
தகடு வெட்டி ஒட்டவைக்க
காரின் விலையைவிட அதிகம் போனது.
அந்தக் கணக்கை அண்ணாவுக்குச் சொல்லவில்லை,
இப்போது எழுதுகிறேன், வாசிக்கமாட்டான்.

இரண்டாம் முறை
இலக்கத்தகட்டில் ஒரு சின்ன வட்டம் ஒட்டினார்.
இரண்டு வருடம்.
எனக்கு இதைவிடக் குறைவாகத்தான்
முதல் விசா தந்தார்கள்.

பெப்ரவரி, விடியாத ஆறு மணி,
காட்டுப் பாதையில் தனியே.
முதன்முதலாகச் சூடு போட்டேன்.
இருமியது, தூசி துப்பியது,
பிறகு வெதுவெதுவென்று வந்த காற்றில்
தவிட்டு நிற மயிர் ஒன்று மிதந்து
என் கறுப்புக் காற்சட்டையில் உட்கார்ந்தது.
ஒரு மயிர் உதிர்ந்தாலும் உயிரை விடும் மானைப்
பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.
இது அந்தச் சாதியில்லை.
எழுந்தது, பார்த்தது, போய்விட்டது.

ஐம்பதுக்குக் குறைத்தேன்.
பின்னால் லொறிக்காரன் விளக்கடித்தான், அடிக்கட்டும்.
மயிரை வெளியே விட ஜன்னலை இறக்கினேன்.
இறங்கவில்லை.
அது அடுத்த சனி.