ஆயிரத்து எழுநூறு டிகிரி

ஐயா,
நரகத்தைப் பற்றி நீங்கள் பேசும்போதெல்லாம்
நான் மூன்றாவது பெஞ்சில்
மின்விசிறிக்குக் கீழே இருக்கிறேன்.
கோபித்துக்கொள்ள வேண்டாம்,
நீங்கள் நெருப்பைப் பார்த்ததில்லை.

நான் பார்க்கிறேன், தினம் எட்டு மணி நேரம்,
நீலக் கண்ணாடி வழியாக.
கருப்பூரில் வெட்டிய வெள்ளைக்கல்
உருளும் சூளைக்குள்
ஆயிரத்து எழுநூறு டிகிரியில் புரள்கிறது.
மறுமுனையில் பழுப்பு உருண்டைகளாக விழும்.
ஏற்றிப்போக லாரி நிற்கும்.
எங்கள் தீக்கு ரசீது உண்டு, ஐயா.
எதற்கு எரித்தோம் என்று
கேட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுவோம்.

உங்கள் தீயிலிருந்து என்ன வெளியே வருகிறது?

தீர்த்தமலை என்னோடு பதினான்கு வருஷம்.
வெள்ளிக்கிழமை முனியப்பனுக்குச் சுருட்டு வைப்பான்.
கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக் கேக்கை
மகளுக்கென்று பொட்டலம் கட்டுவான்.
இரண்டு முறை அவனிடம் சொன்னேன்.
முதல் முறை சிரித்தான்.
இரண்டாம் முறை கைப்பிரதி கொடுத்தேன்,
நீங்கள் கட்டாகத் தந்த அந்த மஞ்சள் தாள்.
எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தான்.
"உங்க சாமி நல்லவருதான்,
ஆனா ரொம்பக் கோவக்காரரா இருக்காரே."
அப்புறம் போண்டாவின் எண்ணெயை
அதில் ஒற்றி எடுத்தான்.

ஆடி மாதம், இரண்டாம் ஷிப்ட்.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
கன்வேயர் பக்கம் உட்கார்ந்தான்.
ஆம்புலன்ஸில் கூட நான்தான்.
ஐந்து ரோட்டில் நெரிசல்.
அப்போது கேட்டிருக்கலாம், ஏற்றுக்கொள்கிறாயா என்று.
ஒரு தலையாட்டல் போதும் என்று
நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.
நான் கேட்கவில்லை.
அவன்தான் கேட்டான், தண்ணீர்.
கொடுக்கக் கூடாது என்றாள் நர்ஸ் பெண்.
அவள் திரும்பிய நேரத்தில்
விரல் நுனியைப் பாட்டிலில் நனைத்து
அவன் நாக்கில் வைத்தேன்.
எங்களுக்கு நடுவே பெரும்பிளவு ஏதுமில்லை,
ஸ்ட்ரெச்சரின் வார் மட்டும்.

காரியம் முடிந்த மறுநாள் உங்களிடம் வந்தேன்.
கேள்விப்படாதவர்களை ஆண்டவர் அறிவார்,
அவர்களுக்கு ஏதாவது வழி வைத்திருப்பார் என்றீர்கள்.
கேட்டும் தள்ளியவன்
தானே தேர்ந்துகொண்டான், சுயசித்தம்.
காபி ஆறுகிறது, குடியுங்கள் என்றீர்கள்.

சைக்கிளில் வழியெல்லாம் அதையே உருட்டினேன்.
அப்படியானால்
சுருட்டும் சிரிப்புமாக
ஒன்றும் தெரியாமல் இருந்தவனுக்குத்
திறந்து கிடந்த கதவை
மஞ்சள் தாளால் சாத்தியது
நான்.

சுயசித்தம்.
எனக்கு ஞானஸ்நானம் நாற்பதாம் நாளில்.
தண்ணீர் சில்லிட்டதற்கு அழுதேனாம்.
அவனுக்கு மொட்டை மூன்று வயதில்.
அவனும் அழுதிருப்பான்.
எங்களில் யார், எப்போது,
எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டோம்?

இதையெல்லாம் யோசிக்காமல் தூங்கு
என்கிறாள் கிருபாவதி.
ஆனால் அவளுடைய ஜெப நோட்டில்
அவன் பெயர் இன்னும் அடிக்கப்படவில்லை.
செத்தவர்களுக்கு ஜெபிப்பது
நம் சபையில் இல்லை என்று
அவளுக்கும் தெரியும்.

போன வாரம் சூளையை நிறுத்தினோம்.
வருஷத்துக்கு ஒருமுறை நிறுத்தியே ஆகவேண்டும்.
தீயைத் தாங்குவதற்கென்றே சுட்ட செங்கல்லும்
அதற்குமேல் தாங்காது.
நான்கு நாள் ஆறவிட்டுக்
கைவிளக்கோடு உள்ளே நடந்தேன்.
நீளமாக, கறுப்பாக, சும்மா கிடந்தது.
சேர்வராயன் பக்கத்துக் காற்று
ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் போனது.
முழங்காலிடப் பார்த்தேன், கல்லில் இன்னும் சூடு.
நின்றபடியே கேட்டேன்:
ஆண்டவரே,
உம்முடையதற்கு ஷட்டவுன் கிடையாதா?

வெளியே போர்மேன் என் பெயரைக் கத்தினார்.
தீர்த்தமலையின் ஹெல்மெட்டை
ஆணியிலிருந்து எடுத்து
புதுப் பையன் மாட்டிக்கொண்டிருந்தான்.
வார் தொளதொளவென்று இருக்கிறது என்றான்.
இழுத்துக் கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவேன், ஐயா.
அதே பெஞ்ச்.
திருவிருந்துக்கு எழுந்து வருவேனா,
தெரியவில்லை.