பாலத்துக் காவல்காரன் சொன்னது

நாலாம் பாகத்தை மறுபடி போட்டாள் மகள்.
காய்ச்சல்காரி கேட்டால் மறுக்கக்கூடாது,
இந்த வீட்டுச் சட்டம்.
வெளியே ஆற்றுக்கு மேலே
வௌவாலைப் போலத் தொங்கிக்கொண்டு போகிறது
வூப்பர்டால் ரயில்.
அதிலேறி வேலைக்குப் போய்வருகிறவளுக்கு
கண்ணாடி மலையில் குதிரை ஏறுவது
பெரிய அதிசயமில்லை.

இதை நான் முதலில் பார்த்தது
இரண்டாயிரத்து மூன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை,
டிக்கெட் அரைவிலை நாள்.
எனக்குத் தெரிந்த ஜெர்மன் நாலு சொல்:
தயவுசெய்து, நாளை, கையெழுத்து, இல்லை.
பக்கத்துக் கதிரையில் பவளராணி.
அகதி முகாமில் என் மேல்கட்டில்காரி.
நாலு மாதம் முந்தி வந்தவள்,
ஆகவே எனக்கு அவள்தான் ஜெர்மன்.

முழுப் படத்தையும் காதுக்குள் சொன்னாள்,
சோளப்பொரி மணக்க மணக்க.
முன்வரிசைக் கிழவர் இரண்டு தரம்
திரும்பி முறைத்தார்.
ராணி அழுதால்,
"தாய்க்காரி கடிதம் போடேல்லையாம்."
பறவைநாகம் சீறினால்,
"அதுக்குப் பல்லுக்கொதி."

பிறகு அந்தப் பாலம்.
கீழே ஒரே இருட்டு.
நடுவில் ஒற்றைக்கண் காவல்காரன்.
மூட்டையோடு வந்து நிற்கிறாள் சிறுமி.
அவன் குனிந்து ஏதோ சொன்னான்.
பவளராணி உடனே சொல்லவில்லை.
பொரி மெல்லுவதை நிறுத்தினாள்.
"மூட்டையை இறக்கி வை பிள்ளை,
நீ வந்த தூரம் எனக்குத் தெரியும் எண்டுறான்."

அடுத்தநாள் விடிய
டுசல்டோர்ஃபில் எனக்கு விசாரணை.
மேசைக்கு அங்கால் இருந்தவருக்கு இரண்டு கண்.
அவர் எதையும் இறக்கி வைக்கச் சொல்லவில்லை.
நானாக இறக்கினேன்,
ஒன்றொன்றாக,
மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கேட்கும்வரை.

இன்று சோபாவில், போர்வைக்குள்,
அதே பாலம்.
என் வாய் முந்திக்கொண்டது.
"அம்மா, அவன் அப்பிடிச் சொல்லேல்ல."
மகளுக்கு ஜெர்மன் பல் முளைக்கும்போதே முளைத்தது.
எனக்கு முதியோர் இல்லத்து இரவுவேலைகளில்,
மணி அடித்தவர்களின் கட்டில்களில் இருந்து
சொல் சொல்லாகப் பொறுக்கியது.
ஆனால் இப்போது எனக்கும் விளங்குகிறது:
"போக ஒரு காசு.
திரும்பிவர இரண்டு."

அவ்வளவுதான்.
சிறுமி எண்ணிக் கொடுக்கிறாள்.
அவன் கடித்துப் பார்த்து வாங்குகிறான்.
ராணிக்குத் தாயே இல்லை.
பறவைநாகத்தின் பல்லில் ஒரு பழுதுமில்லை.

பவளராணி இப்போது பாரிசுக்குப் பக்கத்தில்,
மரக்கறிக் கடை.
சீட்டுக்காசு எண்ணூறு யூரோவால்
ஆறு வருடமாய்க் கதைபேச்சில்லை.
கைபேசியை எடுத்தேன்.
"அந்தப் பாலத்துக்காரன்
உண்மையில் காசுதான் கேட்டவன்" என்று எழுதினேன்.
உடனே பதில் வந்தது:
"தை மாதம் தாறன் எண்டு சொன்னனான்தானே."

விளக்கம் எழுத வேண்டியதாயிற்று.
படம், செவ்வாய்க்கிழமை, கிழவர், ஒற்றைக்கண்.
நெடுநேரம் ஒன்றும் இல்லை.
மகளுக்கு மாத்திரை கொடுத்தேன்.
பிறகு ஒரு குரல் செய்தி,
பின்னால் யாரோ முருங்கைக்காய்க்கு விலை கேட்கும் சத்தம்:

"ஓமடி, அந்தப் படம்.
எனக்கெங்க அப்ப ஜெர்மன்?
அதோட அண்டைக்கு என்ர கண்ணாடியும் உடைஞ்சு கிடந்தது.
புதுசுக்கு சோசியல் ஒப்பம் வைக்க ரெண்டு மாசம்.
எனக்குத் திரையில வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சது.
நீ பக்கத்தில நடுங்கிக்கொண்டிருந்தாய்.
பாலத்தில ஆர் நிண்டது?
ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

மகள் படத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள்.
திரை முழுக்கச் சிறுமியின் உள்ளங்கை,
அதில் இன்னும் கொடுக்காத காசு.
பதில் எழுதுகிறேன், அழிக்கிறேன்.
எழுதுகிறேன்.
"அம்மா, போடட்டா?"
பொறு என்கிறேன்.