பட்டாதாரர்

சேரன்மாதேவிக்கு மேற்கே
பதினைந்து ஏக்கர் நஞ்சை எனக்கு.
காரும் பிசானமுமாக இருபோகம்.
நான் சொல்லவில்லை, சிட்டா சொல்கிறது:
உச்சிமாகாளி, த/பெ பலவேசம்.

சட்டம் வருகிறது என்று தெரிந்த ராத்திரி
பெரிய வீட்டில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள்.
சமையல் கோமுவுக்குப் பதினைந்து,
மாடு பத்துகிறவனுக்குப் பதினைந்து,
மூன்று மாசத்துக்கு முன் செத்த கணக்கப்பிள்ளைக்கும் பங்கு.
அவர் ரேகை மட்டும் எப்படி உயிரோடிருந்ததோ.
கட்டைவிரல் மையைத் தலையில் தேய்த்துவிட்டு
நான் கார் துடைக்கப் போனேன்.

அந்தக் குளிர்காலம் டெல்லியில்.
அவருடைய பழைய கோட்டு எனக்கு முட்டுக்குக் கீழே தொங்கியது.
பாஸ் வாங்கித் தந்து மாடத்தில் உட்காரவைத்தார்.
"உழுகிறவன் காலில் ஒட்டிய சேறு
அவனுக்கே சொந்தமாக வேண்டும்" என்றார்.
மேஜைகளைத் தட்டினார்கள்,
நானும் என் தொடையைத் தட்டிக்கொண்டேன்.

வெளியே கார்களோடு டிரைவர்கள்.
பஞ்சாபோ, பீகாரோ,
பாஷை தெரியாத ஒருத்தன் பீடி தந்தான்.
தன் முதலாளியின் வண்டியைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு,
பத்து விரலை இரண்டுதரம் விரித்தான்.
நான் பத்தும் அஞ்சும் விரித்தேன்.
புரை ஏறுகிற வரைக்கும் சிரித்தோம்.

தோப்புக்கு விலக்கு, கரும்புக்கு விலக்கு,
சாமி பேரில் இருந்தால் விலக்கு.
சட்டம் ஊர் வந்து சேரும்போது
எடுப்பதற்கு எங்கும் மிச்சமில்லை.

போன ஐப்பசியில் என் வீட்டுச் சுவர் சரிந்தது.
இலவச மனை மூன்று சென்ட் கேட்டு எழுதிப் போட்டேன்.
தாலுகா ஆபீஸ் கிளார்க் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான்:
"பெரிய விவசாயி வே நீரு.
ஏழைக்கு உள்ளதைக் கேக்கீரே, வெக்கமா இல்லையா?
வேணும்னா மந்திரிக்கு மனுப் போடும்."
மந்திரியை,
பெரியவர் மகனைத்தான்,
காலையில் மணியாச்சியில் ரயிலேற்றிவிட்டு வந்திருந்தேன்.

ராத்திரி வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு நடந்தேன்.
பிசானம் பொதிகட்டி நின்றது.
செருப்பை வரப்பில் கழற்றி வைத்து இறங்கினேன்.
முட்டளவு சேறு. நல்ல குளிர்ச்சி.

காவலாள் டார்ச் அடித்தான்.
"ஏலே, யார்ல அது வயலுக்குள்ள?"

பதில் தொண்டை வரைக்கும் வந்தது.

"டிரைவர்" என்றேன்.

"ஓ, நீரா?
வரப்புல போவும் வே,
பயிரு மிதிபடுதுல்லா."