அடி நசுங்கிய மரக்கால்

வரவுப் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்துதான்.
பொருள்: பித்தளை மரக்கால். எண்ணிக்கை: இரண்டு.
ஒன்று, மிட்டாதார் வீட்டுப் பரணிலிருந்து. நன்று.
மற்றது, குட்டலூர் ஏரியைத் தூர்வாரியபோது கிடைத்தது.
அடி நசுங்கியது. சேதம்.

கிருஷ்ணகிரி பழைய கச்சேரிக் கூடத்தில்
பத்து நாள் கண்காட்சி.
குட்டலூர்க் குடியானவர் கலகம் என்று வாசலில் ஃபிளக்ஸ்.
கலகமா கிளர்ச்சியா என்று
ஒரு வாரம் அலைந்தது கோப்பு.
கலகத்துக்கு எழுத்து குறைவு
என்று முடித்துவைத்தார் காப்பாட்சியர்.

நான் தினக்கூலித் தட்டச்சர்.
குறிப்பட்டை ஒன்றுக்கு நாற்பது சொல்,
மிஞ்சினால் அட்டை கொள்ளாது.
ஒரு பஞ்சம், இரண்டு வருட நிலுவை,
ஜப்திக்குப் போன ஏர்மாடுகள்,
புளியந்தோப்பில் துப்பாக்கிச் சூடு, பதினோரு பிணம்,
எல்லாம் நாற்பதுக்குள் அடங்கிவிட்டன.
ஒன்றுதான் அடங்கவில்லை.
கைப்பற்றிய ஆயுதங்களின் பட்டியலில்
தடி முப்பது, கொடுவாள் எட்டு, கவண் ஆறு,
கடைசியாக
சம்மட்டி ஒன்று.

சம்மட்டியோடு பிடிபட்டவன் கெம்பாச்சாரி, கொல்லன்.
தடி எடுத்தவனுக்கெல்லாம் ஆறு மாதம்.
இவனுக்கு ஏழு வருடம், கடலுக்கு அந்தப்பக்கம்.
சம்மட்டியால் யாருக்கும் காயமில்லை
என்று டாக்டர் சாட்சி சொல்லியிருக்கிறார்.
பின் எதற்கு ஏழு வருடம்?
அட்டையில் இடமில்லை. விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் சாயங்காலம்
மழைக்கு ஒதுங்கினாள் சிக்கம்மா,
விற்காத அரை மூட்டைக் கேழ்வரகோடு.
அட்டை எதையும் படிக்கவில்லை.
வாளை, ஓலையை, வரைபடத்தைத் தாண்டி
நாலாம் பெட்டியில் நின்றாள்.
"ரெண்டும் ஒரே அச்சு. ஆனா மரக்கா இத்தாம் பெருசு இருக்காதே சாமி."
"இருக்கு, பாருங்க."
"பாத்தா எப்பிடித் தெரியும்? தொற."

காவலாளி டீக்குப் போயிருந்தார்.
திறந்தேன்.

படியை எடுத்தாள். லாபம் என்றாள் முதல் படிக்கு.
ரெண்டு. மூணு.
எட்டிலே தலைதட்ட வேண்டிய மரக்கால்
மிட்டாதார் வீட்டுப் பளபளப்போடு
இன்னும் வாயைத் திறந்து வைத்திருந்தது.
ஒன்பதாம் படியையும் வாங்கிக்கொண்டுதான் நிறைந்தது.
சிக்கம்மா ஒன்றும் சொல்லவில்லை.
சந்தையில் இதை வேறு வடிவத்தில் பார்த்தவள் போல
மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

நசுங்கியதற்கு வந்தாள்.
லாபம். ரெண்டு.
எட்டுக்கு நிறைந்தது.
விரலால் வழித்தாள்,
ஒரு மணி கூட இல்லை, ஒரு மணி குறைவு இல்லை.

கொட்டிவிட்டுக் கவிழ்த்தோம்.
பச்சைக் களிம்புக்கு அடியில்
வட்ட வட்டமாய்த் தழும்பு, இருபதுக்கு மேல்,
ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும்.
ஆத்திரத்தில் விழுந்த அடி இப்படி வரிசை கட்டாது.
கொஞ்சம் தட்டி, ஊருக்கு முன்னால் அளந்து பார்த்து,
போதவில்லை என்று மறுபடி தட்டி.
வெளியே குதிரைகள் வந்துகொண்டிருந்திருக்கும்.
அவன் அவசரப்படவில்லை.
ஒன்பதை எட்டாக்கும்வரை
அவசரப்படவில்லை.

"மழ உட்டுப்போச்சு" என்றாள் சிக்கம்மா.
கேழ்வரகை மூட்டைக்குத் திருப்பினாள்,
ஒக்கலில் படியை இடுக்கிக்கொண்டு
பர்கூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.
பேர் கேட்டதற்கு மட்டும் நின்று சொன்னாள்.

பதிவேட்டை எடுத்து
சேதம் என்ற சொல்லை அடித்தேன்.
எதிரே எழுத வேறு சொல் வரவில்லை, வெறுமனே விட்டேன்.
அடித்தலுக்கெல்லாம் சுருக்கொப்பம் வேண்டும் என்பது விதி.
இட்டேன்.

பெட்டிக்குள் தானியம் கூடாது என்பதும் விதி,
பூச்சி வரும்.
நசுங்கலின் மடிப்பில் ஐந்தாறு கேழ்வரகு
குண்டூசிக்கும் வராமல் உட்கார்ந்திருந்தது.
நாளைக் காலை காப்பாட்சியர் கேட்பார்.
கேட்கட்டும் என்று
பூட்டினேன்.