நூற்று எண்பத்தேழாம் பக்கம்

வட்டார வழக்கு ஆலோசகர் என்று
கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள்,
மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிற எனக்கு.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு,
மதியம் குஸ்கா.

கோபிக்குத் தெற்கே வாய்க்கால் ஓரம்
வேலாத்தாவின் வீட்டைப் போட்டிருந்தார்கள்.
முன்சுவர் மட்டும்தான் வீடு.
சுற்றிப் போனால் சவுக்குக் கட்டையும்
தூங்குகிற லைட்மேனும்.

பதினேழு வயதிலிருந்து வேலாத்தாவைத் தெரியும் எனக்கு.
முதலில் அவளைக் கெடுத்தது டி.வி.க்காரர்கள்.
செவ்வாய்தோறும் ராத்திரி எட்டரைக்கு
அழவைத்தார்கள்.
கிணற்றுமேட்டில், கட்டுத்தரையில், கோயிலில்,
எங்கே போனாலும் சாய்ந்து அழ ஒரு தூண்.
ஆறாவது வாரம் மொட்டைமாடி ஏறி
ஆன்டெனாவைத் திருப்பிவிட்டு வந்தேன்.
வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

இப்போதைய வேலாத்தா புல்லட் ஓட்டுகிறாள்.
கூலிங் கிளாஸ். இடுப்பில் சூரி.
'இன்னிக்கு இப்படித்தான் சார் பார்ப்பாங்க'
என்றான் இயக்குநர் நிவேதன்.
நல்ல பையன். என் நாற்காலியை
அவனே நிழலுக்கு நகர்த்திப் போட்டான்.

ஓடிப்போன புருஷன்
பதினோரு வருஷம் கழித்து வருகிற காட்சி.
அவள் நாயை அவிழ்த்துவிடுவதாக எழுதியிருந்தது.
நாயும் நாய்க்காரரும் பொள்ளாச்சியிலிருந்து
காலையிலேயே வந்துவிட்டார்கள்.

'வேலாத்தா அப்பிடிப் பண்ண மாட்டாளுங்' என்றேன்.
'படலுக்கு வருவா. ஒரு சொம்புத் தண்ணி குடுப்பா.
குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிப்பா.
பொறவு, ஆருங்க நீங்க?ன்னு கேப்பா.
அவ்வளவுதானுங்.
எங்கூர்ல அந்த ங்கவுக்கு மேல
ஒரு அடி கெடையாது.'

ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.
நாய் கொட்டாவி விட்டது.

நிவேதன் புத்தகத்தை எடுத்தான்,
புதுப் பதிப்பு, வழவழ அட்டை.
'எந்த இடம் சார்?'
'நூத்தி எம்பத்தேழு.'

சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது
கிளை நூலகத்துப் பிரதி.
நூற்று எண்பத்தாறைத் திருப்பினால்
நூற்று எண்பத்தொன்பது.
நடுவே, தையலோரம், கிழிசலின் பல்வரிசை.

பதிப்பு மாறியதில் பக்கமும் மாறியிருந்தது.
விரல் வைத்துத் தேடினேன்.
வருகிறான். படலருகே நிற்கிறான்.
பக்கத்துக் காட்டுக்காரர் சொல்கிறார்,
'அக்கா ஈரோட்டுக்கு மஞ்ச போடப் போயிருக்குதுங்களே.'
வெயில் சாயும்வரை நிற்கிறான்.
போய்விடுகிறான்.

சொம்பு இல்லை.
தண்ணீர் இல்லை.
வேலாத்தாவே இல்லை அந்தப் பக்கத்தில்.

முப்பத்து நான்கு வருஷமாய்
அவள் கையில் இருந்த சொம்பு
எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து
நான் எடுத்துக் கொடுத்தது.
நெளிவுகூட அதே இடத்தில்.

அட்டையைக் கழற்றப் போனேன்.
'இல்ல சார், சொம்பே போலாம்' என்றான் நிவேதன்.
நாய்க்காரருக்கு அரை பேட்டா கொடுத்து அனுப்பினார்கள்.

நடிகை ஆலப்புழைக்காரி.
'ஆரு' அவளுக்குப் பிறந்த வீட்டுச் சொல்,
தானாய் வந்தது. 'ங்க'தான் வரவில்லை.
நக்கலாய் வந்தது, கெஞ்சலாய் வந்தது,
ஒரு தடவை தும்மலாய்.
ஒன்பதாவது டேக்கில் அதை விட்டேவிட்டாள்.
'ஆரு?'
புருஷனிடம் இல்லை.
காலிச் சொம்புக்குள் பார்த்து,
அதில் தெரிந்த முகத்திடம் கேட்பதுபோல.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
தப்புதான். எங்கூர்ப் பேச்சில்லை.
நாவலிலும் இல்லை, என்னிடமும் இல்லை.
'செரிதானுங்' என்றேன்.

எப்படியும்
சத்தியிலிருந்து கடைசி பஸ்ஸில்
எவளோ ஒருத்தி இதைப் போனில் பார்ப்பாள்.
புருஷன் சொம்பை நீட்டுவான், அவள் வாங்குவாள்,
திம்பம் கொண்டை ஊசி வளைவில்
சிக்னல் போய்விடும்.
ஆசனூர் வரும்வரை
வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.