நாற்பது வினாடி நிறுத்தம்

ஸ்கார்பெக் நிலையத்தில் என் ரயில் நிற்பது
நாற்பது வினாடி.
கதவு திறந்து, ஆள் ஏறி, ஆள் இறங்கி,
விளக்கைப் பார்த்து நான் மணி அடித்தது போக
மிச்சம் பதினொரு வினாடி.
ஊனா மொசொப்பின் தொட்டிகளை
அந்தப் பதினொன்றில்தான் படித்தேன்,
ஒரு வருடம், தவணை முறையில்.

அக்டோபர். கம்பிரியக் கடற்காற்று
தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடும் மாதம்.
சிக்னல் அறைப் படியில் உட்கார்ந்து
நகவெட்டியால் எதையோ கீறிக்கொண்டிருந்தாள்.
மிளகு என்று நினைத்தேன்.
"ஸ்வீட் பீ விதை. தோல் தடிப்பு, கிளெம்.
கீறினால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும்.
உன்னை மாதிரி."
கதவு மூடிவிட்டது.
பதிலை மறுநாள்தான் சொல்ல முடிந்தது.
நல்ல பதிலும் இல்லை.

அவளுக்கு அட்டைக் குழல் வேண்டும்,
கழிப்பறைத் தாள் தீர்ந்ததும் மிஞ்சுகிறதே, அது.
ஆழம் தேடும் வேர், கிண்ணத்தில் அடங்காது.
வண்டியில் இரண்டு கழிப்பறை.
முப்பத்தாறு குழல் சேர்வதற்குள்
தாளை வீணாக்கும் பயணிகள்மேல்
எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

நவம்பரில் எலி.
முப்பத்தாறுக்கு முப்பத்தாறு.
பல் விழுந்த ஈறு போலக் குழிகள் மட்டும்.
பெயரில்தான் இனிப்பு, பட்டாணி எல்லாம்;
தின்றால் நஞ்சு என்று உறையில் அச்சடித்திருந்தது.
எலி உறையைப் படிக்கவில்லை.

பிப்ரவரியில் மறுபடி,
இம்முறை அறைக்குள், ஜன்னல் பலகையில்.
தலை குனிந்து வந்த முளைகள்
ஒரு வாரத்தில் நிமிர்ந்தன. கண்ணாடி வழியே எண்ணினேன்:
பத்தொன்பது. இல்லை, இருபது.

ஏப்ரலில், நாலு இலை விட்டதும்
ஒவ்வொரு நுனியாகக் கிள்ளிப் போட்டாள்.
"ஐயோ" என்றேன்.
ஒலிபெருக்கி பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை போல.
மூன்று பெட்டியும் திரும்பிப் பார்த்தது.

பிறகு தொட்டிகளுக்கு இடம் மாறின:
உடைந்த புகைபோக்கி இரண்டு, பெயின்ட் வாளி நாலு,
யாரோ விட்டுப்போன குழந்தைக் குளியல் தொட்டி.
பற்றுக்கம்பி கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிடித்தது:
குச்சி, கயிறு, கால அட்டவணை.
ஜூனில் வாசனை டிக்கெட் இல்லாமல் ஏறியது.
நான் இறக்கிவிடவில்லை.

தூணில் கயிற்றோடு ஒரு கத்தரிக்கோல். கீழே பலகை:
வெட்டுங்கள். வெட்டாவிட்டால் பூப்பது நின்றுவிடும்.
மீன் ஆலை முடிந்து வருகிறவர்கள்
செதில் ஒட்டிய கையால் வெட்டிக்கொண்டார்கள்.
மாவுக்கட்டுப் போட்ட பையன் ஒருவன்
பல்லால்.

ஜூலையில் நாங்கள் கார்டுகள் வேலைநிறுத்தம்.
ஒன்பது நாள். ரயில் இல்லை, ஆள் இல்லை.
முதல் நாள் வெட்டியது ஒரு வாளி நிறைந்ததாம்.
இரண்டாம் நாள் தேநீர்க் கெண்டி.
மூன்றாம் நாள் தும்மல். விட்டுவிட்டாள்.
நான் வீட்டில் உட்கார்ந்து
பதினொரு வினாடியை வைத்துக்கொண்டு
என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன்.

பத்தாம் நாள் வண்டி நின்றபோது
தொட்டி முழுக்க மயிரடர்ந்த பச்சைக் காய்.
ஒரு பூ இல்லை.
"நீங்க நிறுத்தினீங்க, அதுவும் நிறுத்திடுச்சு," என்றாள்.
"உங்களுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"
"இரண்டே கால் சதவீதம்."
அவள் காய்களை அறுக்கத் தொடங்கினாள்,
பேசாமல், இருநூற்றுச் சொச்சம்.

ஆகஸ்டில் திரும்பப் பூத்தது.
தண்டு குட்டை, ஒரு தண்டில் இரண்டே பூ.
இரண்டே கால் என்று வைத்துக்கொள்ளலாம்.

அறுக்காமல் விட்ட ஒரே காயைச்
செப்டம்பரில் என்னிடம் நீட்டினாள், பழுப்பேறிக் காய்ந்தது.
சட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டேன்.
வெயில் ஏறிய பெட்டியில், அடுத்த நிலையத்தின் பெயரைச்
சொல்லிக்கொண்டிருக்கும்போது
பையில் படாரென்று வெடித்தது.
காய் முறுக்கிக்கொண்டு கிடந்தது, விதைகள் சில்லறையோடு.

ஒன்று, வைட்ஹேவனுக்குச் சீட்டு வாங்கிய பெரியவரிடம்
மீதிக் காசோடு போய்விட்டது.
கீறச் சொல்ல மறந்துவிட்டேன்.